திரை எங்கே விழுந்தது?

கங்கைகொண்டான்! நெல்லையிலிருந்து மதுரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், தாழையூத்தைக் கடந்ததும் வருகின்ற ஊர். ஊரின் பெயரோ இராசேந்திர சோழனின் விருதுப் பெயர். கங்கையைக் கொண்டவன் அவன்; சரி, சுமந்தவன் யார்? திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது: வடபுலம் சென்று வென்றவன் சோழனின் படைத்தலைவன், தோற்ற மன்னர்களைக் கொண்டே கங்கை நீரைச் சுமக்க வைத்து, கோதாவரிக் கரையில் காத்திருந்த மன்னனிடம் சேர்த்தான். படைத்தலைவன் வென்றான், பணிந்தவர் சுமந்தனர், பட்டம் மட்டும் மன்னனுக்கு! நாடகத்திலே கதாநாயகன் ஒருவன்தானே? மற்றவரெல்லாம் கூட்டத்தில் வந்து போகிறவர்கள்.

அந்த ஊரில் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டுத் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். சிப்காட் ஆலையொன்றில் வேலை பார்க்கும் இளந்தோழர் ஒருவர் அருகில் வந்து கேட்டார்:

"அண்ணாச்சி, கட்டபொம்மனத் தூக்குல போட்டதோட படம் முடிஞ்சி போச்சுல்லா? அதுக்குப் பொறவு என்ன ஆச்சு?"

நம்மைச் சிந்திக்க வைத்த கேள்வி அது. தூக்குமரம் நின்ற கயத்தாறு, அதே சாலையில் அடுத்து வருகின்ற ஊராயிற்றே!

வரலாறு எழுதுவோர்க்கு நாடகச் சொற்கள் மீது தீராத காதல். போர் நடந்த நிலத்தைப் 'போர் அரங்கு' என்பர். ஆட்சி மாறினால் 'காட்சி மாறியது' என்பர். தலைவன் மாண்டால் 'திரை விழுந்தது' என்பர். கேட்கச் சுவைதான். ஆனால் தோழர்களே, மேடையில் மாண்டவன் திரைக்குப் பின்னே எழுந்து அரிதாரம் கலைத்து வீடு போவான். கயத்தாற்றில் மாண்டவன் எழுந்தானா?

1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் கப்பம் வாங்கும் உரிமையைக் கும்பினி நவாபிடமிருந்து பெற்றது. கப்பப் பூசல் முற்றிப் போராயிற்று. 1799 அக்டோபர் 16. பாளையக்காரர்களை ஒன்றாகக் கூட்டி வைத்தான் மேஜர் பானர்மன். விசாரணை என்ற பெயரில் ஒன்றை நடத்தினான். தீர்ப்பளித்தான், தூக்கிலிட்டான். எதற்காக அந்தக் கூட்டம்? பார்த்து நடுங்குவதற்காக! அங்கே நாடகம் நடத்தியவன் பானர்மன். ஆனால் அவன் எழுதிய ஏட்டின்படி கட்டபொம்மன் நடுங்கவில்லை. அச்சமற்ற அலட்சியத்தோடு நின்றான் என்று பானர்மனே எழுதி வைத்தான்!

அத்துடன் திரை விழுந்ததா? இல்லை, இல்லை!

1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பினான். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களில் மீண்டும் எழுந்தது. மார்ச் 31-இல் கும்பினிப் படை தாக்கித் தோற்றுத் திரும்பியது. மே 24-இல், கூடுதல் படையும் பீரங்கியும் வந்த பிறகே கோட்டை வீழ்ந்தது. கோட்டையைத் தரைமட்டமாக்கி, அந்த மண்ணையும் உழுது போட்டார்கள். அதன் பின்னும் சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர்களோடு சேர்ந்து போர் தொடர்ந்தது. 1799-இல் திரையை இழுத்துவிட்டால், இந்த இரண்டாண்டுப் போர் எங்கே போகும்?

அந்தப் போரிலே கலந்துகொண்ட வெல்ஷ் என்ற வெள்ளைத் தளபதி, 1830-இல் வெளியிட்ட தன் நினைவு நூலில் ஒரு செய்தி சொல்கிறான். கோட்டை விழுந்த பின், பிணக் குவியலுக்கிடையே தன் மகனைத் தேடி வந்தாள் ஒரு தாய். மகன் குற்றுயிராய்க் கிடந்தான். அவனைத் தூக்கப் போனாள். "என்னை விடு, சாமியைக் காப்பாற்று" என்ற பொருள்படச் சொல்லிப் பக்கத்தில் காயப்பட்டுக் கிடந்த ஊமைத்துரையைக் காட்டினான். பெற்ற மகனை விட்டுவிட்டு மற்றவனைத் தூக்கிச் சென்றாள் அந்தத் தாய்! எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, துணியால் மூடி வைத்து, அம்மை கண்டவன் என்று சொன்னாள். வந்தவர்கள் ஓடியே போனார்கள்.

பார்த்தீர்களா! அந்தப் போரில் உயிரைப் பணயம் வைத்து நடித்தவள் அவள். கைதட்ட ஆளில்லை. அவள் பெயரை அந்த ஏடு நமக்குச் சொல்லவில்லை.

நாடகம் நமக்குப் பகை அன்று. மேடையைப் படைக்கலமாக்கிய இயக்கம் நம் இயக்கம். கும்பினி மண்ணை உழுத பின்னும், கட்டபொம்மன் கதையைக் காத்து வைத்தவை நாட்டுப்புறப் பாடலும் கூத்துமே. 1959-இல் வந்த படத்தில் சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்தை நடிகர் திலகம் முழங்கியபோது நாமும் மெய்சிலிர்த்தோம். 1974-இல் கலைஞர் ஆட்சியில் பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை எழுந்தபோது நாமும் மகிழ்ந்தோம். நாடகத்தை நாடகமாகப் பார்ப்பதிலே குற்றமில்லை. வரலாற்றை நாடகமாக எழுதுவதிலேதான் வஞ்சகம் ஒளிந்து கொள்கிறது.

இன்றும் ஏடுகளில் படிக்கிறோமே, 'படுகொலை அரங்கேறியது' என்று! கொலை தானாகவா மேடையேறும்? 1908 மார்ச்சு 13-ஐ எண்ணிப் பாருங்கள். தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்ற சில நாட்களில், அவர்களுக்குத் துணைநின்ற வ.உ.சி. சிறைப்பட்டார். நெல்லை கொதித்தது. துப்பாக்கி வெடித்தது, நால்வர் மாண்டனர். 'கலகம் அரங்கேறியது' என்று எழுதிவிட்டால் சுட்டவன் மறைவான், சுடச் சொன்னவன் மறைவான், மாண்டவனும் மறைவான்!

ஆகவே தோழர்களே, 'திரை விழுந்தது' என்று எவர் எழுதினாலும் கேளுங்கள்: கயிற்றை இழுத்தது யார் கை? 'அரங்கேறியது' என்றால் கேளுங்கள்: ஏற்றியவன் எவன்? 'நாயகன் வென்றான்' என்றால் கேளுங்கள்: குடம் சுமந்தவன் யார்?

கங்கைகொண்டான் தேநீர்க் கடையில் அந்த இளந்தோழர் கேட்டாரே, "அதுக்குப் பொறவு என்ன ஆச்சு?" என்று. அந்தக் கேள்வியைக் கேட்டுக் கொண்டே இருங்கள். கேட்கும் வரையில் எந்தத் திரையும் விழாது!