ஒரே இடத்தில் புண், இரண்டு நோய்: குடல் டிபியா, கிரோன் நோயா?

பங்காருபேட்டை சந்திப்பிலிருந்து சென்னைப் பக்கம் போகும் ரயில்களில் ஸ்கேன் படமும் மருந்துச் சீட்டும் அடங்கிய பையோடு ஏறுகிறவர்கள் உண்டு. குப்பம், ஜோலார்பேட்டை, ஆம்பூர் தாண்டி, காட்பாடியில் இறங்கி வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அவர்கள். உள்ளூரில் தீராத நோய் என்றால் கோலார் தங்கவயல் தமிழ்க் குடும்பங்கள் ஒன்று பெங்களூரு போகும், இல்லையென்றால் வேலூர் போகும்.

இவர்களில் நாள்பட்ட வயிற்றுக் கோளாறோடு போகிறவர்களின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். சாப்பிட்டால் வலி, விட்டுவிட்டு வயிற்றுப்போக்கு, மாலையில் லேசான காய்ச்சல், குறைந்துகொண்டே போகும் எடை. 'உடம்பு சூடு' என்று சில மாதம் மோரும் வெந்தயமும், 'அல்சர்' என்று சில மாதம் மாத்திரையும், 'மூலம்' என்று சில மாதம் நாட்டு மருந்துமாகக் காலம் போயிருக்கும். கடைசியில் பெருங்குடலுக்குள் கேமராவைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்தால் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் புண் இருப்பது தெரியும். ஒரு மருத்துவர் 'டிபி' என்பார், இன்னொருவர் 'கிரோன் நோய்' என்பார். வீட்டார் தவித்துப்போவார்கள்.

இதில் மருத்துவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இந்த இரண்டு நோய்களையும் பிரித்தறிவது இன்றும் மருத்துவத்தின் கடினமான கேள்விகளில் ஒன்று. அதற்கு விடை தேடியதில் இந்திய ஆய்வாளர்களின் பங்கு மிகப் பெரியது.

அழற்சி எப்போது நோயாகிறது?

குடலின் உள்சுவர் ஒரே வரிசை உயிரணுக்களால் ஆனது. அதற்கு ஒரு பக்கம் கோடானுகோடி நுண்ணுயிரிகள், மறுபக்கம் நோய் எதிர்ப்பு அணுக்கள். கிருமி உள்ளே நுழைந்தால் எதிர்ப்பு அணுக்கள் திரண்டு வந்து போராடும். அந்த இடம் சிவந்து வீங்கும். இதுதான் அழற்சி. வேலை முடிந்ததும் அது அடங்கிவிட வேண்டும். சிலருக்கு அடங்காமல், கிருமி இல்லாதபோதும் தொடர்கிறது. அதைத்தான் 'குடல் அழற்சி நோய்' என்கிறோம்.

இதில் இரண்டு வகை. 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' பெருங்குடலின் உள்படலத்தில் மட்டும் வரும். மலக்குடலில் தொடங்கி இடைவெளி இல்லாமல் மேலே பரவும். கிரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும், திட்டுத் திட்டாக, சுவரின் முழு ஆழத்துக்கும் வரும். கிளாஸ்கோ அறுவை மருத்துவர் கென்னடி டால்சியல் 1913இல் இத்தகைய நோயாளிகளை விவரித்தார். 1932இல் நியூயார்க்கில் பர்ரில் கிரோனும் இரு சக மருத்துவர்களும் 14 நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகே அது தனி நோயாக ஏற்கப்பட்டது. அதுவரை இத்தகைய குடல்களைப் பலரும் டிபி என்றே நினைத்திருந்தார்கள்.

இவை மேலை நாட்டு நோய்கள், நமக்கு வராது என்று நெடுநாள் நம்பினார்கள். பஞ்சாபில் மருத்துவர் அஜித் சூட் குழு வீடு வீடாகச் சென்று 51,910 பேரிடம் விசாரித்து, லட்சத்துக்கு 44 பேர் என்ற அளவில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருப்பதை 2003இல் வெளியிட்டது. அந்த நம்பிக்கை அதோடு உடைந்தது.

தங்கவயலுக்கு இந்தக் குழப்பம் ஏன் முக்கியம்?

உலகின் டிபி நோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். தங்கவயலுக்கு அதற்கு மேலும் ஒரு சுமை இருந்தது. பாறையைத் துளைத்து வெடிவைக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயைத் தரும். கோலார் தங்கச் சுரங்கங்களில் 1940களில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் இருந்தது. சிலிக்கா, கிருமிகளை விழுங்கி அழிக்கும் அணுக்களையே சிதைத்துவிடும். அதனால் சிலிகோசிஸ் உள்ளவர்களை டிபி எளிதில் பிடிக்கும். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. ஆனால் உடம்பில் பதுங்கிய டிபி கிருமி பத்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் விழித்தெழும்.

நுரையீரல் நோய் குடலுக்கு எப்படிப் போகும்? நோயாளி சளியைத் துப்பாமல் விழுங்கும்போது கிருமி வயிற்றுக்குள் போகிறது. ரத்தத்தின் வழியாகவும் போகும். காய்ச்சாத பால் இன்னொரு வழி. மாட்டுக்கு வரும் டிபி அப்படித்தான் மனிதக் குடலை எட்டுகிறது. கறவை மாடுகள் நிறைந்த கோலார் மாவட்டத்தில் பாலைப் பொங்கக் காய்ச்சியே குடிக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். குடல் டிபி உள்ள பலருக்கு நுரையீரல் படத்தில் எதுவும் இருக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

கேமராவும் மைக்ரோஸ்கோப்பும் காட்டுவது

இரண்டு நோய்களும் அதிகமாகத் தாக்குவது சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தை. இரண்டிலும் புண் வரும், குடல் சுருங்கும், எடை குறையும். கூர்ந்து பார்த்தால் சில வேறுபாடுகள் உண்டு. டிபி புண் பெரும்பாலும் குடலைச் சுற்றி ஒட்டியாணம் போல் குறுக்காக ஓடும். இரு குடல்களுக்கும் இடையிலுள்ள வால்வு சிதைந்து திறந்தபடி கிடக்கும். கிரோன் நோயில் புண் குடலின் நீளவாக்கில் ஓடும். நடுநடுவே நல்ல சதையும் தெரியும். ஆசனவாய் அருகே புரையோடிய பவுத்திரம் இருந்தால் சந்தேகம் கிரோன் பக்கம் சாயும்.

புண்ணிலிருந்து சிறு துணுக்கு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது அடுத்த படி. இரண்டு நோயிலும் எதிர்ப்பு அணுக்கள் கூடி 'கிரானுலோமா' என்னும் நுண்ணிய முடிச்சுகளாக நிற்கும். வேலூர் சிஎம்சியின் நோயியல் மருத்துவர் அன்னா புலிமூட், பி.எஸ். ராமகிருஷ்ணா முதலானோர் இந்த முடிச்சுகளை அளந்து, எண்ணி, 1999இல் 'கட்' (Gut) மருத்துவ இதழில் எழுதினார்கள். டிபி முடிச்சுகள் பெரியவை, அதிகமானவை, ஒன்றோடொன்று சேர்ந்தவை. நடுவில் திசு செத்தும் இருக்கலாம். கிரோன் முடிச்சுகள் சிறியவை, தனித்தனியானவை, எண்ணிக்கையில் குறைந்தவை. அறுவை இல்லாமல், சிறு துணுக்கைக் கொண்டே பல நேரங்களில் பிரித்தறியலாம் என்று அந்த ஆய்வு காட்டியது.

துணுக்கில் டிபி கிருமியையே கண்டுபிடித்துவிட்டால் கேள்வி தீர்ந்தது. ஆனால் குடல் புண்ணில் கிருமிகள் மிகக் குறைவு. சளியில் நன்றாக வேலை செய்யும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையும் இங்கே பலருக்கு 'இல்லை' என்றே காட்டும். 'இல்லை' என்று வந்தால் டிபி இல்லை என்று பொருளாகாது.

தவறினால் என்ன ஆகும்?

டிபியைக் கிரோன் என்று நினைத்து, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் உடம்பின் காவல் தளர்ந்து கிருமி பரவும். கிரோனுக்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்சிமாப் ஊசி இன்னும் ஆபத்து. டிஎன்எஃப் என்ற புரதத்தை அது தடுக்கிறது. டிபி முடிச்சுகள் கலையாமல் கிருமியைச் சிறைப்படுத்தி வைத்திருப்பதே அந்தப் புரதத்தின் பலத்தில்தான். அதைத் தடுத்தால் பதுங்கிய கிருமி வெளியே வரும். இந்த ஊசிக்குப் பிறகு டிபி வெளிப்பட்டவர்களைப் பற்றி 2001இலேயே எச்சரிக்கை வந்தது.

மறுபக்கமும் இழப்புதான். கிரோன் நோயாளிக்கு மாதக்கணக்கில் டிபி மருந்து கொடுத்தால், அதற்குள் குடல் மேலும் சுருங்கி அறுவை வரை போகலாம். அதனால் சந்தேகம் தீராதபோது இந்திய மருத்துவர்கள் ஒரு நடைமுறையைப் பின்பற்றுகிறார்கள். முதலில் டிபி மருந்து. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி கொலோனோஸ்கோப்பி. புண் ஆறியிருந்தால் டிபி. அப்படியே இருந்தால் கிரோன் என்று கொள்ளலாம்; மருந்துக்கு அடங்காத டிபியாகவும் இருக்கலாம் என்பதால் அதையும் பார்த்துவிடுவார்கள். வலி குறைந்ததை மட்டும் நம்பக் கூடாது, கிரோன் உள்ளவருக்கும் சில காலம் சுகம் தெரியும். டெல்லி எய்ம்ஸில் கோவிந்த் மகாரியா, வினீத் அகுஜா முதலானோரின் ஆய்வுகள் இந்த நடைமுறைக்குத் தெளிவு தந்தன. குடல் டிபிக்கு ஆறு மாத மருந்தே ஒன்பது மாத மருந்தளவு பலன் தருகிறது என்பதும் மகாரியா குழுவின் ஆய்வு 2015இல் காட்டியதுதான்.

நம் குடலுக்கு நம் ஆய்வு

கிரோன் நோயோடு தொடர்புடைய முதல் மரபணுவான நாட்2 ஐரோப்பியர்களிடம் 2001இல் கண்டறியப்பட்டது. வேலூரில் புகழேந்தி, ராமகிருஷ்ணா குழு இந்திய நோயாளிகளிடம் தேடியபோது ஐரோப்பாவில் வழக்கமாகக் காணும் அந்த மாற்றங்கள் இங்கே இல்லை என்று 2008இல் எழுதியது. நோய் ஒன்றுதான், அது வரும் வழி வேறு. வெளிநாட்டுப் பாடநூலை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வேலூருக்கு இது புதிதல்ல. 1960களிலேயே செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அந்த வட்டாரக் கிராமங்களில் பரவிய 'ஸ்ப்ரூ' என்ற சத்து உறிஞ்சாத நோயை ஆராய்ந்தார்கள். நோயே இல்லாத கிராமத்தாரின் சிறுகுடலிலும் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகள் குட்டையாகியிருப்பதைக் கண்டார்கள். அசுத்தமான தண்ணீரும் ஓயாத கிருமித் தொற்றும் குடலை ஓசையில்லாமல் தேய்க்கின்றன என்ற இன்றைய புரிதலுக்கு அத்தகைய ஆய்வுகள் அடித்தளம்.

2000இல் இன்னொன்று. எளிதில் செரிக்காத மாவுச்சத்தை உப்பு சர்க்கரைக் கரைசலில் கலந்து கொடுத்தால் காலரா நோயாளிகளின் நீரிழப்பு குறைகிறது என்று ராமகிருஷ்ணா குழு காட்டியது. அந்த மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாவால் புளித்து, குடலணுக்கள் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவும் அமிலங்களாக மாறுகிறது. ஆறிய சோற்றிலும் இவ்வகை மாவுச்சத்து ஓரளவு உண்டு. பழைய சோறு குடல் நோயாளிகளுக்கு உதவுமா என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியில் இறங்கியது. ஆனால் பழைய சோறோ கோலார் களியோ மருந்துக்கு ஈடாகாது. குடல் சுருங்கியவர்கள் நார்ச்சத்தை மருத்துவரைக் கேட்டே கூட்ட வேண்டும்.

நோயாளி என்ன செய்ய வேண்டும்?

நான்கு வாரத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, காரணமில்லாத எடைக் குறைவு, மாலைக் காய்ச்சல் — இவற்றில் ஒன்று இருந்தாலும் 'சூடு' என்று ஒதுக்காதீர்கள். குடலில் அழற்சி இருக்கிறதா என்று மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். எந்த நோய் என்று அந்தச் சோதனை சொல்லாது, கொலோனோஸ்கோப்பி தேவையா என்று சொல்லும். வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா, சுரங்கத்தில் வேலை செய்தார்களா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். டிபிக்குப் பார்க்காமல் ஸ்டீராய்டைத் தொடங்காதீர்கள். பழைய பயாப்ஸி (குடல் துணுக்கு) ஸ்லைடுகளையும் அறிக்கைகளையும் தூக்கிப் போடாதீர்கள். வேலூருக்கோ பெங்களூருக்கோ போகும்போது அவையே பாதி வேலையை முடித்துவிடும்.

அரசு மருத்துவமனைகளில் டிபி மருந்து இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாயும் உண்டு. ஆனால் அரசின் டிபி திட்டம் சளிப் பரிசோதனையோடு நின்றுவிடக் கூடாது. குடல் டிபி நோயாளிகள் பலர் இருமுவதே இல்லை. சளி டப்பாவில் அவர்கள் நோய் தெரியாது. பங்காருபேட்டை, தங்கவயல் அரசு மருத்துவமனைகளில் நாள்பட்ட வயிற்றுப்போக்கோடு வருகிறவரிடம் டிபி பற்றி ஒரு கேள்வி கேட்கவும், தேவையானவரைக் கொலோனோஸ்கோப்பிக்கு அனுப்பவும் ஏற்பாடு வேண்டும். நாட்டுக்குத் தங்கம் எடுத்துக் கொடுத்த ஊர் இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை, உரிமையாகவே கேட்கலாம்.