அந்தமான் பழங்குடியினரை அறிய காட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை: ஸ்ரீ விஜயபுரம் அருங்காட்சியகங்கள் சொல்லும் வரலாறு

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமானுக்குச் சுற்றுலா செல்லும் பலரிடமும் எழும் கேள்வி, "ஜாரவா மக்களைப் பார்க்க முடியுமா?" என்பதே. சட்டப்படி அதற்கு இடமில்லை. அம்மக்களின் வாழ்க்கையை அறிய விரும்புவோருக்கு உரிய இடம் நகருக்குள்ளேயே உள்ள மானுடவியல் அருங்காட்சியகம்தான்.

போர்ட் பிளேர் என்று அறியப்பட்ட தலைநகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. நகரின் டாலிகஞ்ச் போன்ற பகுதிகளில் தங்குவோர் ஒரே நாளில் முக்கிய அருங்காட்சியகங்கள் அனைத்தையும் பார்த்துவிடலாம். ஆனால், மானுடவியல் அருங்காட்சியகத்துக்கு மட்டும் அரை நாளாவது ஒதுக்குவது நல்லது.

ஆறு சமூகங்கள்

இந்திய மானுடவியல் ஆய்வு நிறுவனம் நடத்தும் இந்த அருங்காட்சியகத்தில், தீவுகளின் ஆறு பழங்குடிச் சமூகங்களின் பொருள்கள் இடம்பெற்றுள்ளன. கிரேட் அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலீஸ் ஆகியோர் அந்தமான் தீவுகளையும், நிக்கோபாரி, ஷோம்பென் ஆகியோர் நிக்கோபார் தீவுகளையும் சேர்ந்தவர்கள். இவர்களில் நிக்கோபாரி தவிர்த்த ஐந்து சமூகங்களும் 'குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடிய பழங்குடியினர்' பட்டியலில் உள்ளன.

வில், அம்பு, கூடை, படகு, குடிசை மாதிரிகள் என எளிய பொருள்களே இங்கு அதிகம். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு செய்தி உண்டு. மரப்பட்டையால் ஆன ஜாரவா மார்புக் கவசத்தைப் பார்ப்பவர், காட்டிலுள்ள ஒரு மரத்தை அவர்கள் எவ்வளவு நுணுக்கமாக அறிந்துள்ளனர் என்பதை உணர முடியும். நிக்கோபாரி மக்கள் தீய ஆவிகளை விரட்ட வீட்டில் வைக்கும் மரச் சிற்பங்களோ தனி ஒரு கலை மரபு. சென்டினலீஸ் மக்கள், 1981-ல் தங்கள் தீவருகே தரைதட்டிய 'பிரிம்ரோஸ்' கப்பலின் இரும்பை எடுத்துக் கருவிகள் செய்ததாகப் பதிவுகள் உள்ளன. 'கற்கால மனிதர்கள்' என்ற வழக்கமான வருணனை எவ்வளவு பிழையானது என்பதற்கு இது ஒன்றே போதும்.

19 பேராகச் சுருங்கிய இனம்

1858-ல் ஆங்கிலேயர் இங்கு கைதிகள் குடியிருப்பை அமைத்தபோது, கிரேட் அந்தமானியர் பல ஆயிரம் பேர் இருந்தனர். மோதல்களும், 1877-ல் பரவிய தட்டம்மை உள்ளிட்ட நோய்களும் அவர்களை அழித்தன. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எஞ்சியவர்கள் 19 பேர் மட்டுமே. அவர்களது மொழிகளுள் ஒன்றான 'போ' மொழியைப் பேசிய கடைசி நபரான போவா மூதாட்டி, 2010 ஜனவரியில் காலமானார். மொழியியலாளர் அன்விதா அப்பி அவரது பேச்சைப் பதிவு செய்திருந்தார்.

வெளியாரிடமிருந்து வரும் நோய்களை எதிர்க்கும் ஆற்றல் தனித்து வாழும் இம்மக்களுக்குக் குறைவு. 1956-ம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம், அனுமதியின்றி அவர்களது பகுதிக்குள் நுழைவதைத் தடை செய்வதற்கு இது முக்கியக் காரணம். சாலையோரத்தில் ஜாரவா பெண்களை ஆடவைக்கும் காணொலி 2012-ல் வெளியாகிக் கடும் கண்டனத்தைச் சந்தித்தது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, தண்டனை கடுமையாக்கப்பட்டது. 2018-ல் தடையை மீறி வடக்கு சென்டினல் தீவுக்குள் சென்ற அமெரிக்க இளைஞர் உயிரிழந்தார்.

ஜாரவா காப்பகம் வழியாகச் செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையில் இன்றும் வாகனங்கள் காவல்துறை பாதுகாப்புடன் அணியாகவே அனுமதிக்கப்படுகின்றன. வழியில் நிறுத்துவது, படம் எடுப்பது, உணவு கொடுப்பது ஆகியவை குற்றமாகும். பிஸ்கட் பொட்டலத்தை வீசுவதைக் கருணை என்று நினைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பிற இடங்கள்

இந்தியக் கடற்படையின் சமுத்ரிகா அருங்காட்சியகத்தில் கடல்வாழ் உயிரினங்களையும் நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டையும் காணலாம். 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையின் ஏழு கிளைகளில் மூன்றே எஞ்சியுள்ளன. 1979-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அங்கும் காட்சிக்கூடங்கள் உள்ளன. விடுதலைப் போராட்ட வரலாறு அங்கே விரிவாகக் கிடைக்கும்; தீவின் மூத்த குடிகளின் வரலாற்றுக்கு மீண்டும் மானுடவியல் அருங்காட்சியகத்துக்கே வர வேண்டும்.

திங்கட்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாள்களிலும் இவை பொதுவாக மூடப்பட்டிருக்கும் என்பதால், நேரத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு புறப்படுவது நல்லது.