நாற்பதைக் கடந்தவருக்கு முதல் மாரத்தான்

நாற்பது, ஐம்பது வயதில் மாரத்தான் ஓட ஆசைப்படும் சகோதரர்கள் நம்மிடம் யோசனை கேட்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் தூரம் 42.195 கிலோமீட்டர், அவசரம் கூடாது.

முதலில் மருத்துவரிடம் இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் மூன்றையும் பரிசோதித்துக் கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள், ஓடும் நாளில் அதன் அளவை மாற்ற வேண்டுமா என்றும் கேளுங்கள்.

அடுத்தது பொறுமை. ஓடத் தொடங்கிய சில வாரங்களில் மூச்சு சீராகிவிடும். இனி எவ்வளவும் ஓடலாம் என்று தோன்றும். ஆனால் தசைநாரும் எலும்பும் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். குதிகாலும் முழங்காலும் பழுதாவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். ஆகவே சில மாதம் நடையும் மெல்லோட்டமுமாகப் பழகிவிட்டு, பிறகு நான்கைந்து மாதம் முறையாகப் பயிற்சி எடுங்கள். நீண்ட ஓட்டம் வாரத்தில் ஒருநாள் போதும். பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும். கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறையுங்கள்.

ஓட்டத்தில் 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது தசையில் சேர்ந்திருந்த மாவுச்சத்து தீர்ந்து பலருக்குக் கால் துவண்டுவிடும். அதற்கு முன்பே பேரீச்சம்பழம், வாழைப்பழம் சிறிது சிறிதாகச் சாப்பிடுங்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து ஆபத்தாகும், தாகத்துக்குக் குடியுங்கள்.

நெஞ்சு வலித்தால் அங்கேயே நின்று உதவி கேளுங்கள். பதக்கம் அடுத்த ஆண்டும் கிடைக்கும். வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.