ஒரே சொல், எதிரெதிர் அர்த்தம்: ஆபீஸ் மெயிலில் கவனம்!

அமெரிக்க கிளையன்ட் ‘லெட்ஸ் டேபிள் திஸ்’ என்று மெயில் போட்டிருக்கிறாரா? உடனே மீட்டிங்குக்குத் தயாராகிடாதீங்க. ‘இப்போதைக்கு இது வேண்டாம், அப்புறம் பார்ப்போம்’ என்கிறார் அவர். அதையே லண்டன்காரர் எழுதினால், ‘விவாதத்துக்கு எடுப்போம்’ என்று பொருள். நம்ம நாடாளுமன்றத்தில் அறிக்கையை ‘டேபிள்’ செய்வதும் இந்த பிரிட்டிஷ் வழக்கம்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவ அதிகாரிகளே இந்த ஒரு சொல்லால் நீண்ட நேரம் மல்லுக்கட்டினார்கள். இரு தரப்பும் கேட்டது ஒன்றையேதான் என்பது பிறகுதான் புரிந்ததாம். சர்ச்சில் தன் போர் நினைவுகளில் இதை எழுதியிருக்கிறார்.

‘சாங்ஷன்’ இன்னும் வில்லங்கம். லோன் சாங்ஷன் ஆனால் சந்தோஷம். ஒரு நாட்டின் மேல் சாங்ஷன் விழுந்தால் தடை. ‘ஓவர்சைட்’ என்றால் மேற்பார்வை; கவனக்குறைவால் விட்டுப்போனதும் அதே ‘ஓவர்சைட்’தான். பக்கத்தில் இருக்கும் சொற்களைப் பார்த்தால்தான் பிடிபடும்.

‘ரிவர்ட்’? நம்ம ஊர் ஆபீஸ்களில் ‘பதில் அனுப்புங்க’. வெளிநாட்டில் பலருக்கு ‘பழைய நிலைக்குத் திரும்புவது’. சாஃப்ட்வேர் டீமுக்கு ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்று அனுப்பினால், செய்த மாற்றத்தையே நீக்கிவிடவும் வாய்ப்பிருக்கு. பேசாமல் ‘ரிப்ளை’ என்றே எழுதிடுங்க.