அட்லஸ் சைக்கிள்: ஆலை நின்ற பின்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கு அட்லஸ் சைக்கிள் புதிதன்று. 1951-ஆம் ஆண்டில், இன்றைய ஹரியானாவிலுள்ள சோனிபட்டில், ஜான்கி தாஸ் கபூர் அந்நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டிலேயே 12,000 வண்டிகள் வெளிவந்தன.

பிற்காலத்தில் நட்டம் பெருகிற்று. 2014-இல் மாலன்பூர் ஆலையும், 2018-இல் சோனிபட் ஆலையும் மூடப்பட்டன. எஞ்சியது டில்லிக்கு அருகிலுள்ள சாகிபாபாத் ஆலை. 2020 ஜூன் 3, உலக மிதிவண்டி நாள். அன்று வேலைக்கு வந்த தொழிலாளர் வாயிலில் ஓர் அறிவிப்பைக் கண்டனர். மூலப்பொருள் வாங்கவும் பணமில்லை என்றது அது.

ஆலை நின்றால் வண்டியும் நின்றுவிடுமோ? நில்லாது. எஃகுக் குழாய்களை இணைப்புக் கூடுகளில் செருகி, பித்தளையை உருக்கிப் பற்றவைத்து அமைத்தது பழைய சைக்கிளின் சட்டம். அது நெடுநாள் உழைக்கும். சங்கிலி, டயர், ரிம் முதலியன பெரும்பாலும் பொது அளவின. பிற ஆலைகளின் உறுப்புகளும் பொருந்தும். ஆதலால் ஆலையின்றியும் வண்டி ஓடுகிறது.

ஒரே ஆலையில் பழகிய கைகளுக்கோ மாற்றிடம் அத்துணை எளிதில் கிட்டுவதில்லை. பிழைப்பை நாடி வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களிலும் வடநாட்டு நகரங்களிலும் குடியேறியோர் இதனை நன்கறிவர்.