ஞாயிறு தப்பாமல் ஒரு புதுப்பாட்டு

டிசம்பர் 31 ராத்திரி திருத்தணி மலையில் யாருக்கும் தூக்கம் கிடையாது. ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள். படிக்குப் படி பூசை, படிக்குப் படி திருப்புகழ். புத்தாண்டு அன்று வெள்ளைக்கார துரைமார்களைத் தேடிப்போய் வாழ்த்துச் சொல்லும் பழக்கம் இருந்த காலத்தில், ‘அந்த வாழ்த்தைத் தணிகை முருகனுக்குச் சொல்லலாமே’ என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917-ல் தொடங்கிவைத்த படித்திருவிழா இது.

அதே ராத்திரி, மலைக்குக் கீழே சுற்றுவட்டாரத்து கிறிஸ்தவ சபைகளிலும் விளக்கு அணைவதில்லை. பள்ளிப்பட்டு வட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஊர். பகலெல்லாம் தறிச் சத்தம். இந்தப் பக்கத்து ஊர்களில் தெலுங்கும் தமிழும் ஒரே வீட்டுக்குள் புழங்கும். அதனால் சபைகளில் இரண்டு மொழிப் பாட்டும் கேட்கும். மணி பன்னிரண்டு அடித்ததும் போதகர் அந்த வருடத்துக்கான வாக்குத்தத்த வசனத்தை அறிவிப்பார். அந்த வசனத்தை வைத்தே ஒரு பாட்டும் தயாராக இருந்தால், சபைக்கு அன்றைக்குப் பெரிய சந்தோஷம்.

அந்தப் பாட்டு எங்கிருந்து வருகிறது? பெரிய ஊழியங்கள் வெளியிட்டதை எடுத்துப் பாடலாம். இல்லையென்றால் சபையிலேயே கீபோர்டு வாசிக்கிற ஒரு தம்பியோ, ஞாயிறு பள்ளி நடத்துகிற ஓர் அக்காவோ உட்கார்ந்து எழுத வேண்டும். இப்போது வருடத்துக்கு ஒரு வசனம் என்பதோடு நிற்பதில்லை. மாதத்துக்கு ஒரு வாக்குத்தத்தம், அதற்கு ஒரு பாட்டு என்று பல சபைகள் போய்விட்டன. போனிலேயே பதிவுசெய்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டு, வரிகளைத் திரையில் ஓட்டிவிடுகிறார்கள்.

தேதி வைத்துப் பாட்டு எழுதுவது புதுப்பழக்கம் ஒன்றும் இல்லை. இலங்கையில் தொடங்கி, இன்று சென்னை தாம்பரம் அருகே இரும்புலியூரில் பெரிய கூட்டம் நடத்தும் பெந்தெகொஸ்தே மிஷனில், வருடாந்திர கன்வென்ஷனுக்குப் புதுப்பாட்டுகள் வருவது நெடுநாள் வழக்கம். எல்லைக்கு அந்தப் பக்கம், குண்டூர் ஓசன்னா ஊழியம் வருடம் தவறாமல் ஒரு புதுத் தொகுப்பைக் கொண்டுவருகிறது. அதில் சில பாட்டுகள் தமிழ் வரிகளோடு நம் பக்கமும் வந்து சேர்ந்துவிடுகின்றன. தமிழில் இப்படி வரிசை எண் போட்டுப் பாட்டு கொடுத்தவர்களில் எல்லோரும் அறிந்தவர் பாதர் பெர்க்மான்ஸ். ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ ஒலிநாடாக் காலத்தில் தொடங்கி முப்பது தொகுப்புகளைத் தாண்டிவிட்டது. சின்னச் சின்ன வரி, கைதட்டுக்கு ஏற்ற தாளம், இரண்டாவது தடவையே கூடப் பாடிவிடலாம். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் அந்தப் பாட்டுகளுக்குத் தெரியாது.

‘ஆவியானவர் ஏவினால்தானே பாட்டு வரும்? காலண்டரைப் பார்த்து எழுதினால் அது வெறும் உற்பத்திதானே?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் உலகம் முழுக்கப் பாடப்படும் ஆராதனைப் பாட்டுகளின் வரலாற்றைப் புரட்டினால், பாதிக்கு மேல் தேதி நெருக்கிப் பிறந்தவையோ என்று தோன்றும்.

ஐசக் வாட்ஸ் இங்கிலாந்தில் சவுத்தாம்டன் நகரத்துப் பையன். சபையில் பாடுகிற பாட்டு சுவையற்று இருக்கிறது என்று அப்பாவிடம் குறைபட்டான். ‘அப்படியானால் நீயே நல்லதாக ஒன்று எழுதேன்’ என்றார் அப்பா. எழுதினான். சபைக்குப் பிடித்துப்போய், அடுத்த வாரமும் கேட்டார்கள். இப்படியே இரண்டு வருடம் போல, வாரம் ஒன்றாக எழுதினான் என்பார்கள். இசைமேதை பாக் கதையும் இதேதான். 1723-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்கு வேலைக்குப் போனவருக்கு, முதல் சில வருடங்கள் ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிறும் தேர்வுதான். எழுதவேண்டும், படியெடுக்கவேண்டும், பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும், ஞாயிறு காலை பாடவும் வேண்டும்.

பொதட்டூர்பேட்டைக்காரர்களுக்கு இவர்கள் இரண்டு பேரையும்விட நெருக்கமாகத் தோன்றக்கூடிய ஊர் ஒன்று இருக்கிறது. அது ஓல்னி.

நெசவூரைப் போல ஓர் ஊர்

இங்கிலாந்தில் ஓல்னி ஒரு சின்ன ஊர். தறிக்குப் பதில் அங்கே லேஸ் பின்னும் தொழில். வீட்டுக்கு வீடு பெண்களும் பிள்ளைகளும் மடியில் திண்டு வைத்து, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். கண்ணைக் கெடுக்கும் வேலை, கூலியோ சொற்பம். இந்த ஊருக்கு 1764-ல் குருவாக வந்தவர் ஜான் நியூட்டன். முன்னாளில் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக ஏற்றிச்சென்ற கப்பலின் கேப்டன். தன் பழைய தொழிலைக் கண்டித்து அவர் வெளிப்படையாக எழுதியது 1788-ல்தான். பாட்டைப் பாராட்டும்போது இந்தத் தாமதத்தையும் மறந்துவிடக் கூடாது.

நியூட்டன் வாரநாளில் ஜெபக்கூட்டம் நடத்தினார். அந்தக் கூட்டத்துக்கென்று பாட்டு எழுத ஆரம்பித்தார். லேஸ் பின்னுகிற கைகளுக்குப் புரிகிற சொல்லாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவர் நிபந்தனை. 1767-ல் அந்த ஊருக்குக் குடிவந்த கவிஞர் வில்லியம் கூப்பர் அவருக்குக் கூட்டாளி ஆனார். கூப்பர் உண்மையிலேயே பெரிய கவிஞர். மனநோயால் ஏற்கெனவே வாடி மீண்டவர். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டுப் புத்தகம் போடுவதாக முடிவுசெய்தார்கள்.

1773 ஜனவரி 1. புத்தாண்டு ஆராதனை. அன்றைக்கு நியூட்டன் எடுத்துக்கொண்ட வசனம் 1 நாளாகமம் 17-ம் அதிகாரம், 16, 17. ‘என்னை இதுவரைக்கும் கொண்டுவந்ததற்கு நான் யார்?’ என்று தாவீது ராஜா கடவுளிடம் உருகுகிற இடம். அந்தப் பிரசங்கத்தோடு சேர்த்துப் பாட அவர் எழுதிவைத்த பாட்டுதான் இன்று உலகம் ‘அமேசிங் கிரேஸ்’ என்று பாடுவது. நம் ஊர்ச் சபைகளின் வாக்குத்தத்தப் பாட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமே இல்லை. புத்தாண்டு, ஒரு வசனம், அதற்கு ஒரு பாட்டு.

அதே ஜனவரியின் தொடக்கத்தில் கூப்பருக்கு மனநோய் மறுபடியும் திரும்பியது, இந்தத் தடவை கடுமையாக. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற நினைப்பு அவரை விட்டு அகலவில்லை. அதன் பிறகு அவர் ஆராதனைக்கு வரவே இல்லை. பாட்டு எழுதுவதும் நின்றுபோனது. நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே ஒரு வருடத்துக்கும் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். சேர்ந்து எழுதத் தொடங்கிய புத்தகத்தை மூட்டை கட்டி வைத்துவிடலாம் என்ற எண்ணம்கூட அவருக்கு வந்தது. ஆனாலும் கூட்டத்துக்குப் பாட்டு வேண்டுமே. தொடர்ந்து எழுதினார். 1779-ல் ‘ஓல்னி கீதங்கள்’ வெளிவந்தபோது அதில் 348 பாட்டுகள். கூப்பருடையது ஏறக்குறைய 67, மீதியெல்லாம் நியூட்டன். நண்பனோடு தனக்கு இருந்த நட்பின் நினைவுச்சின்னமாக இந்தப் புத்தகம் இருக்கட்டும் என்று முன்னுரையில் எழுதினார்.

அந்த 348-ல் இன்றைக்குப் பரவலாகப் பாடப்படுவது ஒரு கைப்பிடி. அமேசிங் கிரேஸே அந்தக் காலத்து இங்கிலாந்தில் யாரும் தூக்கிவைத்துக் கொண்டாடிய பாட்டில்லை. இன்று நமக்குத் தெரிந்த மெட்டோடு அது சேர்ந்தது 1835-ல், அமெரிக்காவில். நியூட்டன் இறந்து 28 வருடம் ஆகியிருந்தது.

மெட்டுக்குள் மாட்டிய தமிழ்

நம் பக்கம் சிக்கல் வேறு மாதிரி. பாட்டு இருந்தது, மெட்டுதான் இடித்தது.

தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்க் காலத்திலிருந்தே லுத்தரன் சபையில் தமிழில் பாடினார்கள். பிறகு சென்னையில் இருந்த பப்ரிசியஸ், ஜெர்மன் கீதங்களை அதே மெட்டில் பாடும்படி தமிழில் பெயர்த்துக் கொடுத்தார். ஞானப்பாட்டுகள் என்று இன்றும் பாடுகிறார்கள். அருமையான உழைப்பு. ஆனால் தமிழுக்குக் குறில், நெடில் உண்டு. மெட்டு இழுக்கச் சொல்லும் இடத்தில் குறில் வந்து உட்கார்ந்தால், ‘மனம்’ ‘மானம்’ ஆகிவிடும். ‘கல்’ ‘கால்’ ஆகிவிடும். பாடுகிறவர் அர்த்தம் தெரிந்து பாடுவார். முதல் தடவை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன கேட்கும்?

இதற்கு விடை கொடுத்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். பையனாக இருந்தபோதே சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துவந்து வளர்த்தார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்ஸிடம் பாடம் கேட்டவர். தஞ்சையில் மிஷன் பள்ளி வேலை பார்த்தபடியே சாஸ்திரியார் எழுதிக் குவித்தார். குறவஞ்சி, கும்மி, கீர்த்தனை, நாடகம் என்று ஊரார் காதில் ஏற்கெனவே இருந்த வடிவங்களை எடுத்து, உள்ளே கிறிஸ்தவக் கதையை வைத்தார். ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் சூரியனைப் பூமி சுற்றுகிற கணக்குகூட வரும். எழுதியதைப் பெட்டியில் பூட்டிவைக்கவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பாடிக் காட்டினார்.

இதற்கு அவர் கொடுத்த விலை சின்னதில்லை. புதிதாக வந்த மிஷனரிகள் பழைய பைபிள் மொழிபெயர்ப்பை மாற்றப் பார்த்தார்கள். ஆலயத்தில் பாடும் முறையிலும் கைவைத்தார்கள். சாதிவாரியாகத் தனித்தனியே உட்காருவதையும் எதிர்த்தார்கள். சாஸ்திரியார் எல்லாவற்றிலும் அவர்களோடு மோதி வேலையை இழந்தார். சாதி விஷயத்தில் அவர் நின்ற பக்கம் தவறு. அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. பாட்டு விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம். அதைச் சபைகளே பிறகு ஒத்துக்கொண்டன. மதுரை மிஷனைச் சேர்ந்த அமெரிக்கர் எட்வர்ட் வெப், 1853-ல் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து ஆராதனைக்கென்று புத்தகமாகப் போட்டார். அதில் பெரும்பங்கு சாஸ்திரியாருடையது. அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டைத் தாண்டியிருந்தது. தன் பாட்டு ஆலயத்துக்குள் போவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, 1864-ல் காலமானார்.

இன்றைக்கு எழுதுகிறவர்களுக்கு

மாதத்துக்கு ஒன்றோ, வாரத்துக்கு ஒன்றோ எழுத உட்காருகிறவர்களுக்கு இந்தக் கதைகளில் கைக்கு உதவும் சங்கதி நிறைய உண்டு.

முதலில் மெட்டு. சினிமா மெட்டிலோ, வெளிநாட்டு ஆராதனைப் பாட்டின் மெட்டிலோ வரியை நிரப்பும்போது, அதே குறில்-நெடில் சண்டை இன்றும் நடக்கிறது. எழுதிய வரியை மெட்டு இல்லாமல் ஒருமுறை பேசிப் பார்த்தால் போதும், எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்தது சுருதி. எழுதிய தம்பியின் குரலுக்கு வசதியாக இருக்கும் உச்ச சுரம், சபையில் பாதிக்கு மேல் இருக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் எட்டாமல் போகும். அனுபல்லவியில் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டால் குறை அவர்களிடம் இல்லை. அப்புறம் மொழி. எல்லையோர ஊர்களில் தெலுங்குக்கும் சேர்த்து எழுதுகிறவர்கள், வரிக்கு வரி பெயர்க்காமல் வசனத்தை வைத்துத் தெலுங்கில் புதிதாகவே எழுதுவது நல்லது. ‘தூக்கம்’ என்றால் நமக்கு உறக்கம், தெலுங்குக்காரருக்கு அந்தச் சத்தத்தில் அப்படி ஒன்றும் கேட்காது. எதுகை மோனை எல்லாம் அந்த இடத்திலேயே கழன்றுவிடும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1957-ம் வருடத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் உரிமை தானாகவே வந்துவிடுகிறது. பதிவு செய்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் அந்த உரிமை இருக்கும். சாஸ்திரியார் பாட்டை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், இன்று உயிரோடு இருப்பவர் பாட்டை அப்படி எடுக்க முடியாது. உண்மையான வழிபாட்டின்போது ஆலயத்தில் பாடுவதற்குச் சட்டம் விலக்கு கொடுக்கிறது. அதே பாட்டைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம். அடுத்தவர் கரோக்கி இசையின் மேல் பாடி ஏற்றிவிட்டு, வீடியோவுக்கு உரிமைக் கோரிக்கை வந்ததும் விழிக்கிறவர்கள் நிறையப் பேர்.

கடைசியாக, ஒரு நோட்டு. வாட்ஸ்அப்பில் போட்ட பாட்டு, போன் மாற்றும்போது போய்விடும். சபையில் யாராவது ஒருவர் ஒரு நீள நோட்டு வாங்கி, பாட்டு முழுவதையும் கையால் எழுதி, மேலே தேதி, வசனம், சுருதி, தாளம், எழுதியவர் பெயர் ஐந்தையும் குறித்துவைத்தால் ஆகிற செலவு நூறு ரூபாய்க்குள்தான். ‘அந்த வருஷத்து வாக்குத்தத்தப் பாட்டு எப்படி ஆரம்பிக்கும்?’ என்று பத்து வருடம் கழித்து ஒரு பாட்டி கேட்டால், எடுத்துப் பார்த்துச் சொல்லலாம்.