எலும்பு மஜ்ஜை: நோய் வேரூன்றும் நிலம்

இரத்தப் புற்றுநோய் என்றதும் நம் கவனம் இரத்தத்தின்மீதே செல்கிறது. வெள்ளணுக்கள் எத்தனை, செவ்வணுக்கள் எத்தனை என்று பரிசோதனைத் தாளைப் பார்க்கிறோம். அவ்வணுக்கள் பிறந்து வளரும் எலும்பு மஜ்ஜையைப் பற்றி அதிகம் எண்ணுவதில்லை. இரத்த அணுக்கள் மஜ்ஜையில்தான் உருவாகின்றன என்பதை 1868ஆம் ஆண்டில்தான் ஜெர்மானியரான நொய்மனும் இத்தாலியரான பிட்ஸொஸெரோவும் எடுத்துரைத்தனர்.

மஜ்ஜை என்பது எலும்பின் உட்குழியில் அடைந்து கிடக்கும் வெறும் கொழுப்பன்று. எலும்பை ஆக்கும் அணுக்கள், மெல்லிய இரத்தக் குழாய்கள், நரம்பிழைகள், தாங்கு திசுக்கள் ஆகியவை நெருங்கி வாழும் ஊர் அது. இரத்த அணுக்கள் அனைத்திற்கும் மூலமான குருத்தணு, தான் அமர்ந்திருக்கும் இடத்தின் காரணமாகவே குருத்தணுவாக நீடிக்கிறது என்ற கருத்தை 1978இல் ரே ஸ்கோஃபீல்ட் முன்வைத்தார். சுவரில் குடைந்த மாடத்தைக் குறிக்கும் சொல்லையே அவர் அவ்விடத்திற்குச் சூட்டினார். மாடத்தில் வைத்த விளக்கு காற்றில் அணைவதில்லையல்லவா? பொருத்தமான பெயர்தான்.

இம்மாடத்திலுள்ள அணுக்கள் சி.எக்ஸ்.சி.எல்.12 என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. குருத்தணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி அப்புரதத்தை உணர்ந்து, அணுவை அங்கேயே நிலைகொள்ளச் செய்கிறது. சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். இரத்தப் புற்றணுக்கள் பலவும் அதே ஏற்பியைத் தாங்கியிருக்கின்றன. ஆகவே அவையும் மாடத்தில் குடியேறி, குருத்தணுவுக்குரிய பாதுகாப்பைத் தமதாக்கிக்கொள்கின்றன. கீமோதெரபி மருந்துகள் பெரும்பாலும் வேகமாகப் பிரியும் அணுக்களையே அழிப்பவை; மாடத்தினுள் உறங்கிக் கிடப்பவை தப்பிவிடுகின்றன. இரத்தம் தெளிந்தது என்று குடும்பம் ஆறுதலடைந்த பின்னர், சில திங்களிலோ ஆண்டுகளிலோ நோய் மீண்டும் தலைதூக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மல்டிபிள் மைலோமா என்னும் மஜ்ஜைப் புற்றுநோயில் இவ்வுறவு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. நோயணுக்கள் எலும்பை அரிக்கும் அணுக்களைத் தூண்டுகின்றன. எலும்பு அரிக்கப்படும்போது அதனுள் புதைந்திருந்த வளர்ச்சிக் காரணிகள் வெளிப்பட்டு நோயணுக்களுக்கே உணவாகின்றன. அண்டையிலுள்ள தாங்கணுக்களோ இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தைச் சுரந்து அவற்றை மேலும் வளர்க்கின்றன. ஆறாத முதுகுவலியோடு வருபவரிடம் இந்நோய் கண்டறியப்படுவதன் பின்னணி இதுவே. எலும்பரிப்பைத் தடுக்கும் ஸோலெட்ரோனிக் அமிலம், எலும்பைக் காப்பதோடு நோயாளிகளின் ஆயுளையும் ஓரளவு கூட்டியதாக 2010இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டிற்று. நிலத்தைத் திருத்தினால் களை தளரும் என்பதற்கு மனிதரிடமே கிடைத்த சான்றாக இதைக் கொள்ளலாம்.

நிலமே நோயை விளைவிக்குமா? அதே 2010இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு வியப்பளிப்பது. சுண்டெலிகளின் எலும்பாக்கும் இளம் அணுக்களில் மட்டும் டைசர்1 என்ற மரபணுவை நீக்கினார்கள். இரத்த அணுக்களின் மரபணுக்களைத் தொடவேயில்லை. ஆயினும் இரத்த உற்பத்தி சீர்குலைந்தது. சில எலிகளுக்கு இரத்தப் புற்றுநோயும் வந்தது. நலமான மஜ்ஜையை அவ்வெலிகளுக்குள் செலுத்தியபோது அதுவும் கெட்டது. எனினும் எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்துவது அவசரமாகும். மனிதரில் இந்நோய் பெரும்பாலும் இரத்த அணுவின் மரபணு மாற்றத்திலிருந்தே தொடங்குகிறது. ஆனால் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் பின், கொடையாளர் தந்த அணுக்களிலேயே புற்றுநோய் தோன்றிய அரிய நிகழ்வுகளும் உண்டு. அத்தகைய ஒன்று 1971லேயே பதிவாகியுள்ளது.

மாடத்திலிருந்து புற்றணுக்களை வெளியேற்றிப் பின் மருந்தால் தாக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. குருத்தணுக்களை இரத்தத்திற்குள் இறக்கிச் சேகரிப்பதற்காக 2008இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பிளெரிக்ஸாஃபோரை இதற்கும் சோதித்தனர். அது வழக்கமான சிகிச்சையாக நிலைபெறவில்லை. புற்றணு இரத்தக் குழாய்ச் சுவரைப் பற்றிக்கொள்வதைத் தடுக்கும் உப்ரோலெசெலான், 2024இல் முடிவு அறிவிக்கப்பட்ட பெரிய சோதனையில் ஆயுளை எதிர்பார்த்த அளவு நீட்டவில்லை. நோயணுவைக் காக்கும் அதே மாடம்தான் நல்ல குருத்தணுவையும் காக்கிறது. ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் வெளியேற்றும் வழி இன்னும் கைகூடவில்லை.